மனப்பாடத்துக்குப் பழகிய வகுப்பைப் பேச வைப்பது எப்படி? எத்தியோப்பியாவுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2011 முதல் 2016 வரை எத்தியோப்பியாவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தினேன். அந்த நாடு அடுத்தடுத்துப் புதிய பல்கலைக்கழகங்களைத் திறந்துகொண்டிருந்த காலம். தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் போனோம். நான் ஊர் திரும்பிய பிறகும் யாராவது போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிலர் கிளம்பப் போகிறவர்கள், சிலர் போய்ச் சேர்ந்து முதல் மாதத்திலேயே தவிப்பவர்கள். விசா, வாடகை பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் போவதெல்லாம் வகுப்பைப் பற்றிப் பேசுவதில்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

"சார், அங்கே பசங்க வகுப்புல வாயே திறக்க மாட்டாங்களாமே, நிஜமா?"

முதல் சில வாரங்களுக்கு நிஜம். கேள்வி கேட்டால் நோட்டைப் பார்ப்பார்கள். ஆனால் அதே பிள்ளைகள் சாயங்காலம் வளாகத்துக்கு வெளியே காபிக் கடையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அங்கே காபி என்பது மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. மூன்றாவது சுற்று முடிவதற்குள் கால்பந்து, விலைவாசி, காதல், வேதம் எல்லாவற்றையும் வாதாடி முடித்துவிடுவார்கள். பேசத் தெரியாத பிள்ளைகள் யாரும் இல்லை. வகுப்பு என்ற இடத்தில் பேசக்கூடாது என்று பழகியிருக்கிறார்கள்.

இன்னொன்று. பேசாமல் "ஹ்ஹ்" என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். முதலில் கேட்கும்போது யாரோ பயந்துவிட்டார்கள் என்று தோன்றும். அங்கே அதற்கு "ஆமாம்" என்று பொருள். நான் ஒரு வாரம் இது தெரியாமல், என்னவோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"நம்ம ஊர் மனப்பாடம் மாதிரியேதானா, இல்லை வேறயா?"

பாதி அதேதான். அம்ஹாரிக் மொழியில் இதற்கு "ஷிம்தெதா" என்று ஒரு சொல்லே இருக்கிறது. நம் கல்லூரிகளில் "மக்கப்" என்போமே, அதே தொனி. பன்னிரண்டாம் வகுப்புத் தேசியத் தேர்வுதான் அங்கேயும் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. 2022-இல் அந்தத் தேர்வை முதல்முறையாகப் பல்கலைக்கழக வளாகங்களில் வைத்துக் கண்டிப்பாக நடத்தியபோது, பாதி மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் 3.3 சதவீதம்தான். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்த எண்ணைப் படித்தபோது என் பழைய மாணவர்களின் முகங்கள்தான் கண்முன் வந்தன.

மீதிப் பாதி நமக்குப் பழக்கம் இல்லாதது. 2004 வாக்கில் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடம் வந்தது. பெயரே "பிளாஸ்மா"தான். தென்னாப்பிரிக்காவில் தயாரித்த ஆங்கிலப் பாடம் திரையில் ஓடும். வகுப்பு ஆசிரியருக்குத் தொடக்கத்தில் சில நிமிடம், முடிவில் சில நிமிடம். திரையிடம் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்க முடியாது, கிடைத்ததை எழுதிக்கொள்ளத்தான் முடியும். எனக்கு வந்த பிள்ளைகள் நான்கு வருடம் அப்படி எழுதிப் பழகியவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டால் அவர்கள் மௌனத்தின் மேல் கோபம் வராது.

"இங்கிலீஷ்லதானே நடத்தணும்? அவங்களுக்குப் புரியுமா?"

எல்லோரையும்விட இந்தக் கேள்வியைக் கேட்கிறவரை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பிரச்சினையின் வேர் இங்கேதான். 1994 கல்விக் கொள்கைக்குப் பிறகு தொடக்கக் கல்வி தாய்மொழியில்: அம்ஹாரிக், ஒரோமோ, திக்ரிஞா, சிதாமா என்று பகுதிக்கு ஒன்று. ஒன்பதாம் வகுப்பில், சில பகுதிகளில் ஏழாம் வகுப்பிலேயே, ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். சொந்தமாக ஒரு ஆங்கில வாக்கியம் அமைக்க வராதவன் அடுத்தவர் வாக்கியத்தை அப்படியே உருப்போடத்தான் செய்வான். அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். தமிழ் வழியில் படித்து இன்ஜினியரிங் சேர்ந்த நம் பிள்ளைகள் முதல் வருடம் படும் பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதனால் நான் ஒரு விதி வைத்தேன்: விவாதிப்பது எந்த மொழியிலும் இருக்கலாம், எனக்குச் சொல்லும் பதில் மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் உடைந்த ஆங்கிலமாக இருந்தால் போதும். அந்த ஒரு மாற்றத்திலேயே வகுப்பில் சத்தம் வந்தது. நீங்களும் உங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஆங்கிலம் அவர்கள் காதுக்கு மிக வேகம்.

"முதல் வகுப்புல என்ன செய்யணும்?"

பெயர்களைப் படியுங்கள். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. சொந்தப் பெயர், அடுத்து அப்பா பெயர். நம் இனிஷியல் கணக்குதான், வரிசை மட்டும் மாற்றம். என் இனிஷியல் எதைக் குறிக்கிறது என்று பலகையில் எழுதிக் காட்டினேன். "எங்களை மாதிரியே" என்று முன் வரிசையில் ஒருவன் சொன்னான். அந்த வகுப்பில் யாரும் கேட்காமலே வந்த முதல் வார்த்தை அது.

நேரத்தையும் தெளிவாக எழுதிவிடுங்கள். அவர்கள் கடிகாரம் விடியலிலிருந்து எண்ணத் தொடங்கும். நம் காலை 9 மணி அவர்களுக்கு 3 மணி. "3 மணிக்குத் தேர்வு" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் பாதிப் பேர் காலையிலேயே வந்து காத்திருப்பார்கள்.

அப்புறம் "அய்ஸோ" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். "தைரியமாக இரு, நான் இருக்கிறேன்" என்பது போல. பெண்ணிடம் சொன்னால் "அய்ஸோஷ்", பலரிடம் "அய்ஸோவாச்சிஹு". தடுமாறும் மாணவனிடம் இதைச் சொல்லிவிட்டுப் பொறுமையாக நின்றால் பெரும்பாலும் வாக்கியத்தை முடித்துவிடுவான்.

"'புரிஞ்சுதா'ன்னு கேட்டா எல்லாரும் ஆமாங்கறாங்க. பரீட்சையில பார்த்தா ஒண்ணுமே இல்ல. என்ன பண்றது?"

அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். அம்ஹாரிக்கில் "கெபாச்சிஹு?" என்பார்கள். நேர்ப்பொருள் "உங்களுக்குள் நுழைந்ததா?" அழகான சொல்தான், ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் வகுப்பு முழுவதும் ஆமாம் என்றுதான் வரும். புரியவில்லை என்று சொன்னால் ஆசிரியரைக் குறை சொன்னதாகிவிடுமே என்ற மரியாதையும் அதில் இருக்கிறது.

பதிலுக்கு, தப்பான விடையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ள ஒரு கேள்வியைக் கொடுங்கள். என்னிடம் இன்றைக்கும் இருக்கும் கேள்வி இது. அடிஸ் அபாபா சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படியானால் அங்கே பருப்பு சீக்கிரம் வேகுமா, மெதுவாக வேகுமா, எல்லா இடத்திலும் ஒரே நேரம்தானா? ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டச் சொல்வேன். அடுத்தவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கொதிநிலைக்கும் அழுத்தத்துக்குமான சமன்பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கக்கூடிய வகுப்பு அது. முக்கால்வாசிப் பேர் "சீக்கிரம்" என்றார்கள். சீக்கிரம் கொதிக்கிறதே, அதனால்.

விடையைச் சொல்லாமல், "வேறு விரல் காட்டியவரைத் தேடிப் பிடித்து இரண்டு நிமிடம் பேசுங்கள்" என்றேன். மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களும் தாழ்நிலத்திலிருந்து வந்தவர்களும் தங்கள் அம்மாவின் அடுப்பை வைத்துச் சண்டை போட்டார்கள். கொதிப்பதும் வேகுவதும் வேறு வேறு, வேக வைப்பது வெப்பநிலைதான் என்பதை ஒரு மாணவி மேசையைத் தட்டிச் சொன்னாள். மறுபடி விரல் காட்டச் சொன்னபோது பெரும்பாலானோர் "மெதுவாக" என்று மாறியிருந்தார்கள். நான் பாடம் என்று ஒரு வரிகூட நடத்தவில்லை.

இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்தில் வகுத்தது. அவருடைய மாணவர்களும் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள், ஆனால் அடிப்படைக் கருத்தைக் கேட்டபோது தடுமாறினார்கள். மனப்பாடத்தை ஏழை நாட்டு நோயாகப் பேசுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

"குழுவாப் பிரிச்சா ஒருத்தன் மட்டும் வேலை செய்யறான், மீதிப் பேர் வேடிக்கை பார்க்கறாங்களே?"

நான் இருந்த காலத்தில் "ஒன்றுக்கு ஐந்து" என்ற ஏற்பாடு இருந்தது. நன்றாகப் படிக்கும் ஒருவர் தலைமையில் ஐந்து பேர். இதே அமைப்பை அரசு நிர்வாகத்திலும் ஊர்களிலும் பயன்படுத்தினார்கள், அதனால் பல மாணவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒட்டாத உணர்வு. தலைவன் எழுதுவான், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

நான் குழுவை மூன்று பேராகச் சுருக்கினேன். யார் பதில் சொல்வது என்பதைப் பேசி முடித்த பிறகு சீட்டுக் குலுக்கி எடுத்தேன். யார் பெயரும் வரலாம் என்பதால், நன்றாகத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். குழுக்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். "சிலந்தி வலைகள் ஒன்றுசேர்ந்தால் சிங்கத்தையே கட்டிப்போடும்" என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. குழுவேலை என்பது வெளியிலிருந்து வந்த திணிப்பு என்று யாராவது முகம் சுளித்தால் அதைத்தான் நினைவூட்டுவேன்.

"பெண்கள் பின் வரிசையில உட்கார்ந்துட்டு ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க."

மேலே சொன்ன சீட்டு முறை இதற்கும் பாதி மருந்து, ஏனென்றால் கை தூக்குகிறவர்களையே கூப்பிட்டால் ஆண்கள் மட்டும்தான் பேசுவார்கள். ஆனால் பின் வரிசையில் இருப்பவரைத் திடீரென்று எழுப்பாதீர்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச நேரம் கொடுத்து, அப்புறம் கேளுங்கள். பருப்புக் கேள்விக்கு மேசையைத் தட்டிய மாணவி அதற்கு முன் ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசாதவள்.

"80 பேர், தரையில பதிச்ச பெஞ்சு, பாதி நாள் கரண்ட் இல்ல. இதுல எங்கே இன்டராக்டிவ்?"

கரண்ட் இல்லாத நாட்கள்தான் எனக்கு நல்ல வகுப்புகள். விரல் காட்டுவதற்கும், ஒரு பெஞ்சில் மூன்று பேர் பேசுவதற்கும், முன் பெஞ்சுக்காரர் திரும்பி உட்காருவதற்கும் மின்சாரம் வேண்டாம். சாக்பீஸும் கிழித்த காகிதத் துண்டுகளும் போதும்.

"மனப்பாடம் தப்பு, அதை விட்டுடுங்கன்னு நேராச் சொல்லிடலாமா?"

தயவுசெய்து சொல்லாதீர்கள். முதல் வருடம் நான் சொன்னேன், இன்றைக்கும் அதற்காக வருந்துகிறேன். அங்கே நூற்றாண்டுகளாகத் திருச்சபைப் பள்ளிகள் இருக்கின்றன. சிறுவர்கள் எழுத்து கற்று, தாவீதின் சங்கீதங்களை கீயெஸ் என்ற பழைய மொழியில் மனப்பாடம் செய்வார்கள். ஹரார் போன்ற இடங்களில் குர்ஆன் பள்ளிகள். மனதில் வைத்திருப்பது அவர்களுக்குப் பக்தி, பெருமை. அதைத் தப்பு என்று சொன்னால் அவர்கள் தாத்தாவைத் தப்பு என்று சொன்னது போல.

அந்தத் திருச்சபைக் கல்வியில் மேலே ஒரு படி இருக்கிறது, "கெனே" என்று பெயர். மாணவன் கீயெஸ் மொழியில் தானே புதிதாகக் கவிதை கட்ட வேண்டும். அதுவும் "மெழுகும் பொன்னும்" என்ற உத்தியில். பொற்கொல்லர் மெழுகில் உருவம் செய்து அதன் இடத்தில் பொன்னை ஊற்றுவது போல, மேலே ஒரு பொருள், உள்ளே ஒளிந்த இன்னொரு பொருள். நம் சிலேடைதான்! இதை எனக்குச் சொன்னது தேவாலயப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு மாணவன். அவன் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: இந்த மரபில் மனப்பாடம் சரக்கைச் சேர்க்கும் கட்டம், அடுத்த கட்டம் சொந்தமாகச் செய்வது. நவீனப் பள்ளி முதல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. நம் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்டவர்களும் அதை வைத்துக் கடைக்கணக்கு போட்டார்கள், ஒப்பித்ததோடு நிற்கவில்லை.

அதன்பிறகு வகுப்பில் இப்படிச் சொல்ல ஆரம்பித்தேன்: "சமன்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள், நல்லது. இங்கே வந்து அதை வைத்துக் கெனே கட்டுவோம்." சிரித்தார்கள், ஆனால் புரிந்துகொண்டார்கள்.

"இப்படியே பேசிக்கிட்டிருந்தா சிலபஸ் எப்படி முடியும்?"

முழுவதும் முடியாது. ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி, பத்து நிமிடம் என்று தொடங்குங்கள். வரையறைகளையும் நீண்ட நிரூபணங்களையும் வகுப்பில் எழுதிப் போடுவதை நிறுத்தி, முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்தால் அந்தப் பத்து நிமிடம் கிடைத்துவிடும்.

"ஹேண்ட்அவுட் கொடுங்கன்னு மொய்க்கறாங்க. கொடுத்தா அதையே உருப்போட்டு எழுதறாங்க. கொடுக்கலாமா வேண்டாமா?"

கொடுங்கள். நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பேர் காத்திருக்கும் இடத்தில் ஹேண்ட்அவுட் மறுப்பது கொடுமை. மாற்ற வேண்டியது உங்கள் வினாத்தாளை. "வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கூறுக" என்று கேட்டால் உருப்போடுகிறவன்தான் புத்திசாலி, அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. "பூட்டிய அறையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்தால் அறை குளிருமா? ஏன்?" என்று கேட்டால் அதே விதி அவனுக்குக் கருவியாகிவிடும்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் தேர்வில் நான் எல்லாக் கேள்விகளையும் மாற்றிவிட்டேன், வகுப்பில் பாதிப் பேர் தோற்றார்கள், அது என் பிழை. அடுத்த பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் ஒரு பங்கு, கடைசியில் பாதி என்று போனேன். புதுவகைக் கேள்விகள் எப்படி இருக்கும் என்பதை வகுப்பிலேயே பலமுறை காட்டிவிடுங்கள்.

"தப்பாச் சொன்ன பையனைத் திருத்தினா முகம் சுருங்கிடுது. அப்புறம் பேசவே மாட்டேங்கறான்."

அம்ஹாரிக்கில் "யிலுஞ்ஞிதா" என்று ஒரு சொல் உண்டு. "என்னைப் பற்றி என்ன சொல்வார்களோ" என்ற உணர்வு. நாமும் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறோமே, அது அங்கே இன்னும் கூர்மையாக இருக்கும். என் ஐந்து வருட அனுபவத்தில் சொல்கிறேன், மாணவர்களைப் பேசவிடாமல் கட்டியிருந்த கயிறு இதுதான். மனப்பாடப் பழக்கம் இதற்கு அப்புறம்தான்.

அதனால் விடை ஆளோடு ஒட்டாமல் இருக்க வழி பாருங்கள். விரல் காட்டுவதில் பெயர் இல்லை. மூன்று பேர் குழுவில் "எங்கள் குழு நினைக்கிறது" என்று சொல்லலாம். காகிதத் துண்டில் பெயர் போடாமல் எழுதி வாங்கி, அதில் ஒரு நல்ல தவறை எடுத்து, "இதை எழுதியவர் எங்கே வரை சரியாக யோசித்திருக்கிறார் பாருங்கள்" என்று பலகையில் போடுங்கள். நானும் என் தவறுகளை மறைக்காமல் அடித்துத் திருத்தினேன். குறியைத் தவறாகப் போட்டதைச் சுட்டிக்காட்டியவனுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னேன்.

"பட்டிமன்றம் மாதிரி விவாதம் வைக்கலாமா? என்ன தலைப்பு?"

வைக்கலாம், தலைப்பில் கவனம் தேவை. இனம், மொழி, மாநில எல்லை, கட்சி எதையும் தொடாதீர்கள். 2018-க்குப் பிறகு பல வளாகங்களில் மாணவர்களிடையே மோதல்கள் நடந்து, உயிர்கள் போயிருக்கின்றன. "நீ எந்தப் பகுதி?" என்று வெள்ளந்தியாகக் கேட்பதுகூட ஒருவரைச் சங்கடப்படுத்தலாம். பருப்புக் கேள்வியிலும் நான் யாரையும் ஊர் பெயர் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

எனக்கு நன்றாகக் கைகொடுத்தது நீல நைலின் பெரிய அணை. 2011 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள், ஏழை மாணவர்கள்கூட அதற்கு அரசின் கடன் பத்திரம் வாங்கியிருந்தார்கள். அணை வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. "130 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, இயந்திரத் திறன் 90 சதவீதம். 1,000 மெகாவாட் வேண்டுமென்றால் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டேன். சுமார் 870 கன மீட்டர். கணக்கு முடிந்ததும் அவர்களே கேள்விகளைத் தொடங்கினார்கள்: கோடையில் அவ்வளவு தண்ணீர் வருமா, வண்டல் சேர்ந்தால் என்ன ஆகும்? மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"நோன்பு நேரத்துல வகுப்பு தூங்கி வழியுதே?"

அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு 55 நாள். பலர் பிற்பகல் வரை எதுவும் சாப்பிட மாட்டார்கள். முஸ்லிம் மாணவர்களுக்கு ரமலான். விவாதங்களைக் காலை முதல் வகுப்புக்கு மாற்றுங்கள், மதியத்துக்கு அமைதியான எழுத்து வேலை கொடுங்கள்.

"'இவர் பாடமே நடத்தறதில்லை'ன்னு மாணவர்களே புகார் கொடுத்தா?"

எனக்கு நடந்தது. முதல் பருவத்தின் நடுவில் நான்கு பேர் துறைத் தலைவரிடம் போய், "இவர் சொல்லித் தருவதில்லை, எங்களையே கேட்கிறார்" என்றார்கள். அதில் ஒரு நியாயமும் இருந்தது. பேரரசர் ஹெய்லி செலாசி காலத்திலிருந்து கேரளத்து ஆசிரியர்கள் நிறையப் பேர் அந்நாட்டுப் பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். இந்திய ஆசிரியர் என்றால் பலகை நிறைய எழுதிப்போட்டுக் கண்டிப்பாக நடத்துவார் என்று அவர்கள் அப்பாக்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். நான் அப்படிச் செய்யவில்லை, ஏன் என்றும் விளக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பின் கடைசி ஐந்து நிமிடமும் பலகையில் அன்றைய பாடத்தைச் சுருக்கமாக எழுதினேன். புகார் நின்றது. துறையில் ஆதரவு தேட வேண்டுமென்றால், அங்குள்ள பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான உயர் டிப்ளமா பயிற்சியை முடித்தவர்களைத் தேடுங்கள். அந்தப் பயிற்சியே மாணவர் பங்கேற்பு, தொடர் மதிப்பீடு பற்றியதுதான். நீங்கள் செய்வது அந்நாட்டுக் கொள்கைக்கு உட்பட்டதே என்று உங்களைவிட அவர்கள் நன்றாக எடுத்துச் சொல்வார்கள்.

"மாற்றம் வந்திருக்குன்னு எப்படித் தெரியும், சார்? மார்க்கை வச்சா?"

மார்க் தாமதமாகத்தான் வரும், சில சமயம் முதலில் குறையவும் செய்யும். நான் காதில்தான் கவனித்தேன். "கெபாச்சிஹு" பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு எதிர்ச்சொல் "அல்கெபாஞ்ஞிம்". எனக்குள் நுழையவில்லை, புரியவில்லை. இரண்டாம் வருடம் பதினோராவது வாரம், பலகையில் மூன்றாவது வரியை எழுதிக்கொண்டிருந்தபோது பின் வரிசையிலிருந்து ஒருவன் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னான். நான் திரும்பி, எந்த வரி என்று கேட்டேன். அவன் சொல்வதற்கு முன் பக்கத்து பெஞ்சிலிருந்த பெண் எழுந்து, "எனக்கும் அதே வரிதான்" என்றாள்.